சங்கமித்ராவின் டம்ளர் அரிசி

திருவொற்றியூரில் மூன்று நாளாக மழை.

மழை என்றதும் உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? பள்ளிக்கூடத்துக்கு லீவு. சுடச்சுட பஜ்ஜி. போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் தூக்கம். அப்படித்தானே?

எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்துப் பிள்ளைகளுக்கு மழை லீவு பிடிக்காது கண்ணுகளா. பள்ளிக்கூடம் இல்லையென்றால் மத்தியானச் சாப்பாடும் இல்லை. அப்பா அம்மாவுக்குக் கூலி வேலை இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாடும் சந்தேகம்தான்.

சந்தின் முனையில், இரண்டு படி உயரத்தில், ஒரு கூடம் இருந்தது. முன்பு அது மீன் வலைகளை அடுக்கி வைக்கிற கொட்டகை. மகிமாவின் அம்மா ஞானபாக்கியம் அதை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, சுவரில் ஒரு சின்னச் சிலுவையை மாட்டினாள். வாசலில் 'மன்னா கூடம்' என்று பலகை வைத்தாள். மன்னா என்றால் பைபிளில் ஆண்டவர் வானத்திலிருந்து தந்த உணவு. பிள்ளைகளின் வாயில் அது 'சோத்துக் கூடம்' ஆகிவிட்டது.

தினமும் சாயங்காலம் நாற்பது பிள்ளைகள் அங்கே வருவார்கள். ஞானபாக்கியம் சொல்லிக்கொடுக்க, வீட்டுப்பாடம் எழுதுவார்கள். பிறகு சாப்பிடுவார்கள். மழை லீவு விட்டால் மத்தியானமே வந்துவிடுவார்கள்.

கூடம் ஆரம்பித்தபோது எத்தனையோ பேர் கேட்டார்கள். "நாகர்கோவில்ல இருந்து வந்து இரும்புக் கடை வெச்சு நல்லாத்தானே இருக்கீங்க? உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"ஆண்டவர் சொன்னாரு, செய்யுதேன்" என்பாள் ஞானபாக்கியம். வேறு பதில் கிடையாது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடக் கூடத்து அடுப்பு அணைந்து கிடந்ததில்லை.

அரிசி எங்கிருந்து வந்தது? அதுதான் இந்தக் கதையில் முக்கியம்.

ராயபுரத்தில் அவர்கள் போகிற சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் சோறு வடிக்க அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டி ஆலயத்துக்குக் கொண்டு வருவார்கள். பிடியரிசி என்று பெயர். அத்தனை வீட்டுப் பிடியரிசியும் சேர்ந்து கூடத்து டிரம்முக்கு வரும். ஈரம் படாமல், எலி ஏறாமல் இருக்க, அந்த டிரம்மை ஒரு உயரமான மேசை மேல் வைத்திருந்தார்கள்.

பல வீட்டு அரிசி என்பதால் பல ரகம். புழுங்கல், பச்சரிசி, ரேஷன், பொன்னி, எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும். சமைக்கிற கெங்கம்மாவுக்கு அதுதான் பெரிய பேஜாரு. நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு, கரண்டியால் சோற்றைக் கிளறியபடி திட்டுவாள்.

"இத்தப் பாரு டீச்சரம்மா! ஒண்ணு கொழஞ்சி கூழாயிடுச்சி. இன்னொண்ணு இன்னும் முழிச்சிகினு கீது. இதுங்க ஒத்துமையா வேவறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்."

சாப்பிடும் முன் ஞானபாக்கியம் ஜெபம் செய்வாள். தினமும் ஒரே ஜெபம். "ஆண்டவரே, இந்த அரிசியைக் கொடுத்த கைகளை ஆசீர்வதியும். இதைச் சாப்பிடும் பிள்ளைகளையும் ஆசீர்வதியும்." கண்ணை மூட விரும்புகிற பிள்ளை மூடும். விரும்பாத பிள்ளை சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் கெங்கம்மா டிரம்முக்குள் அளக்கிற படியை விட்டாள். கர்ரக் என்று தகரம் உரசிய சத்தம் கேட்டது. படியைக் கவிழ்த்தாள். ஐந்தாறு பருக்கை விழுந்தது.

"டீச்சரம்மா, அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் திறக்கவில்லை. தண்டையார்பேட்டையில் இடுப்பளவு தண்ணீர், ராயபுரம் போகப் பஸ் இல்லை. மகிமா வீட்டு அரிசியை நேற்றே கொண்டுவந்து உலையில் போட்டாயிற்று. மகிமாவின் அப்பா சுயம்பு தண்ணீரைத் தாண்ட முடியாமல் கடையிலேயே மாட்டிக்கொண்டார்.

"அப்பா கடைல ஆணியும் பூட்டும்தான் இருக்கு" என்றாள் மகிமா. அவளுக்குப் பதினோரு வயது. "அத உலைல போட முடியாதே!"

யாரும் சிரிக்கவில்லை. மகிமாவுக்கே சிரிப்பு வரவில்லை.

ஞானபாக்கியம் காலி டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "கெங்கம்மா, உலைய வை" என்றாள்.

"இன்னாத்தப் போட்டு?"

"தண்ணிய வை. பிள்ளைக பன்னெண்டு மணிக்கு வருவாவ. வரும்போ அடுப்பு அணைஞ்சு கெடக்கப்படாது. நான் ரோட்டுப் பக்கம் போய் எந்தக் கடையாவது தெறந்திருக்கான்னு பாத்துட்டு வாறேன்."

போவதற்கு முன் அவள் டிரம்மின் மேல் கை வைத்துக் கண்ணை மூடினாள். மகிமா பக்கத்தில் நின்றதால் அவளுக்குக் கேட்டது.

"ஆண்டவரே, பிள்ளைக வருவாவ. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

அம்மாவின் குரல் உறுதியாக இருந்தது. ஆனால் கண்ணைத் திறந்ததும், காலி என்று தெரிந்தும், டிரம்முக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கும் பயம் வரும் என்று மகிமா அன்றுதான் தெரிந்துகொண்டாள். பயந்துகொண்டே அம்மா குடையை எடுத்தாள். பயந்துகொண்டே தண்ணீரில் இறங்கி நடந்தாள்.

பெரிய அண்டாவில் வெறும் தண்ணீர் சூடாகத் தொடங்கியது.

மகிமா வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒற்றைச் செருப்பை மிதக்கவிட்டபடி மஜீது வந்தான். அவன் ஐந்தாம் வகுப்பு. எங்கே சாப்பாடு என்றாலும் முதல் ஆள்.

"இன்னிக்கி இன்னா சோறு?" என்றான்.

மகிமா பேச்சை மாற்றினாள். "சங்கமித்ரா வரல? மூணு நாளா ஆளையே காணோம். மழைக்குப் பயந்துட்டாளா?"

"மழைக்கா? அவளா?" மஜீது செருப்பைக் காலால் நிறுத்தினான். "அவ வரமாட்டா. நீதான் அவ அரிசிய வோணாம்னு திருப்பி அனுப்பிட்டியே."

மகிமாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை நடந்தது அது. நான்காம் வகுப்பு படிக்கும் சங்கமித்ரா, ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய அரிசி கொண்டுவந்தாள். மேசை முன் நின்று, நுனிக்காலில் எம்பி, டிரம்முக்குள் கொட்டப் பார்த்தாள். எட்டவில்லை. அப்போதுதான் மகிமா வந்தாள்.

"அய்யோ, வேணாம் சங்கமித்ரா. இது சபைல குடுக்கறது. நீங்கல்லாம் குடுக்க வேணாம். நீயே வீட்டுக்குக் கொண்டு போ."

அம்மாவின் சட்டம் அது. சாப்பிட வருகிற பிள்ளைகளிடம் எதுவும் கேட்கக் கூடாது. சங்கமித்ராவின் அப்பா கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றுகிறவர். காலில் பெட்டி விழுந்து ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டு அரிசியை வாங்கலாமா? நல்ல வேலை செய்தோம் என்றுதான் மகிமா நினைத்திருந்தாள்.

மகிமா இப்போது யோசித்துப் பார்த்தாள். அன்று சங்கமித்ரா டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு போய்விட்டாள். சாப்பிடக்கூட உட்காரவில்லை.

மகிமா எழுந்தாள். "கெங்கம்மாக்கா, நான் சங்கமித்ரா வீடு வரைக்கும் போயிட்டு வரேன்."

"பாத்து நட. அங்க பள்ளம் கீது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சங்கமித்ராவின் வீட்டில் தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சுவரில் புத்தர் படமும் பக்கத்தில் நீலக் கோட்டு அம்பேத்கர் படமும் நனையாமல் உயரத்தில் இருந்தன. கட்டில் மேல் அவள் அப்பா பீம்ராவ், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சங்கமித்ரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வா பாப்பா" என்றார் பீம்ராவ். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் சிரிப்பும் இல்லை. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எங்க வூட்டு அரிசின்னா உங்களுக்கு ஆவாதா?"

மகிமாவுக்குப் புரியவில்லை. விழித்தாள்.

"எங்க தாத்தா காலத்துல எங்க வூட்ல யாரும் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாங்க. எங்க கை பட்டா தீட்டுன்னு சொல்லுவாங்களாம். அந்தக் கதைய நான்தான் இவளுக்குச் சொல்லி வெச்சிருந்தேன். நீ அரிசிய வோணாம்னு சொன்னதும், அதுக்குத்தானோன்னு நெனச்சிக்கினு மூணு நாளா அழுதுகினு கீறா."

மகிமாவின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "இல்ல மாமா! சத்தியமா இல்ல! உங்களுக்குக் கால்ல அடி பட்டிருக்கு, வேலைக்குப் போக முடியல, அதனால உங்க வீட்டு அரிசிய எடுக்கக் கூடாதுன்னுதான்..."

பீம்ராவ் அவளையே பார்த்தார். "வேல இல்லாதவன் குடுக்கக் கூடாதா பாப்பா?"

மகிமா தண்ணீரில் நடந்து சங்கமித்ராவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் செஞ்சது தப்பு சங்கமித்ரா. உன்னக் கேக்காமலே நானே முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சிரு."

சங்கமித்ரா திரும்பாமலே கேட்டாள். "இப்ப மட்டும் எதுக்கு வந்த?"

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'சும்மாதான் வந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். மகிமாவுக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. பிறகு அவள் உண்மையைச் சொன்னாள்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். இன்னொண்ணும் இருக்கு. கூடத்துல அரிசி இல்ல. ஒரு பிடிகூட இல்ல. அம்மா கடை தேடிப் போயிருக்காங்க. அடுப்புல வெறும் தண்ணி கொதிக்குது. உன் டம்ளர் அரிசிய... இப்பத் தருவியா?"

சங்கமித்ரா சட்டென்று திரும்பினாள். "வெறும் தண்ணியா?"

"ஆமா."

"அப்ப எல்லாரும் இன்னா துன்னுவாங்க?"

அவள் கட்டில் மேல் ஏறினாள். புத்தர் படத்துக்குக் கீழே இருந்த பலகையில் அந்த டம்ளர் இருந்தது. மேலே ஒரு தட்டு வைத்து மூடியிருந்தது. ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

"நேத்து வூட்ல அரிசி கம்மியாத்தான் இருந்துச்சி" என்றார் பீம்ராவ். "இத்த எடுத்துப் போட்டுக்கலாம்னு சொன்னேன். 'நைனா, அது நம்மளுது இல்ல, குடுத்தது'ன்னு சொல்லிட்டா. உங்கம்மா சொன்ன பிடியரிசிக் கதையக் கேட்டு, தினம் ஒரு பிடியா இவளே எடுத்து வெச்சது."

சின்னக் கையின் சின்னப் பிடிகள். எத்தனை நாள் சேர்த்தாளோ!

மகிமா டம்ளரை வாங்கக் கையை நீட்டினாள். சங்கமித்ரா கொடுக்கவில்லை. "நானே வந்து போடறேன்" என்றாள்.

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அங்கே மஜீது நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு டம்ளர் நாப்பது பேருக்கு ஆவுமா?" என்றான். அவன் முகம் வாடிவிட்டது. பிறகு அவனுக்கே ஏதோ தோன்றியது. "எங்க வூட்லயும் கொஞ்சம் கீது. அம்மிகிட்டக் கேக்கவா?" அம்மாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

மகிமா தயங்கினாள். அம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. அப்புறம் சங்கமித்ராவின் அழுத முகமும் நினைவுக்கு வந்தது.

"கேளு. ஆனா ஒரு பிடிதான். அதுக்கு மேல வேணாம். யார் வீட்லயும் குறையக் கூடாது. இல்லாத வீட்ல கேக்கவே வேணாம்."

"சரி!"

மஜீதுக்குத் தொண்டை பெரிது. சந்து முழுக்கத் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடினான். "சோத்துக் கூடத்துல ஒல கொதிக்குது! அரிசி இல்ல! ஆளுக்கு ஒரு பிடி! ஒரே ஒரு பிடி!"

கொஞ்ச நேரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஷாஸியா டிபன் பாக்ஸ் மூடியில் அரிசி கொண்டுவந்தாள். ஒரு பையன் கிரிக்கெட் தொப்பிக்குள் பிளாஸ்டிக் கவர் வைத்துக் கொண்டுவந்தான். இரட்டைப் பிள்ளைகள் இருவர் ஒரு கிண்ணத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்து வந்தார்கள். ஒரு குட்டிப் பயல் மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தான். கையைத் திறந்தால் பத்துப் பருக்கைதான் இருந்தது. மிச்சம் வழியெல்லாம் சிந்திவிட்டது. அவன் அழத் தயாரானான்.

"இத்தினூண்டும் அரிசிதான்டா ராசா" என்று கெங்கம்மா அவனைத் தூக்கிக்கொண்டாள்.

மஜீது கடைசியாக வந்தான். "இது பிரியாணி அரிசி! அக்கா நிக்காஹ்ல மிச்சமானது!"

வெறுங்கையோடு வந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களை மகிமா ஒன்றும் கேட்கவில்லை. தட்டு கழுவவும் பாய் விரிக்கவும் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

சங்கமித்ராவின் டம்ளரைத் தவிர மற்ற அரிசியையெல்லாம் முறத்தில் கொட்டியதும் கெங்கம்மா தலையில் கை வைத்தாள். "ரேஷன் அரிசி, பச்சரிசி, பிரியாணி அரிசி! இத்தினி நாளா நாலு ரகம்தான். இப்ப நாடே ஒண்ணா வந்து குந்திக்கினு கீது. இத்த எப்படி வேவவெக்கறது? சோறு வடிச்சா நாப்பது பேருக்கு எட்டவும் எட்டாது."

மகிமா முறத்தைப் பார்த்தாள். "அக்கா, கஞ்சியாக் காச்சினா? நல்லாக் குழையட்டும். அப்போ எது முதல்ல வெந்துது, எது அப்புறம் வெந்துதுன்னு தெரியாதுல்ல? தண்ணி சேர்த்தா எல்லாருக்கும் வரும்."

கெங்கம்மா இடுப்பில் கை வைத்து அவளைப் பார்த்தாள். "ஆறு வருசமா கரண்டி புடிக்கறேன். எனக்குத் தோணல பாரேன்! அந்த டப்பால பயறு கொஞ்சம் கீது, எடு."

"முதல்ல சங்கமித்ரா போடட்டும்" என்றாள் மகிமா.

கெங்கம்மா, சங்கமித்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவள் டம்ளரைச் சாய்த்தாள். கொதிக்கிற தண்ணீரில் அரிசி சலசலவென்று இறங்கியது.

கஞ்சி பாதி வெந்தபோது ஞானபாக்கியம் திரும்பி வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பையில் இரண்டு தேங்காய் மட்டும்தான் இருந்தது. "அரிசிக் கடைக்குள்ள தண்ணி ஏறிப்போச்சாம், கெங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், வாசனை பிடித்து நின்றாள். அண்டாவைப் பார்த்தாள். வரிசையாக இருந்த மூடிகளையும் கிண்ணங்களையும் தொப்பியையும் பார்த்தாள்.

"மக்களே, யாருகிட்டக் கேட்டே?" என்றாள் மகிமாவிடம்.

மகிமா எழுந்து நின்றாள். "எல்லார்கிட்டயும்மா."

"சாப்பிட வாற பிள்ளைககிட்டக் கேக்கப்படாதுன்னு சொல்லியிருக்கேன்லா?"

"சொன்னீங்கம்மா. ஆனா..." மகிமா வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். பீம்ராவ் மாமா கேட்டதைச் சொன்னாள். புத்தர் படத்துக்குக் கீழே மூடி வைத்திருந்த டம்ளரைப் பற்றிச் சொன்னாள். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்றும் சொன்னாள்.

ஞானபாக்கியம் நனைந்த புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சங்கமித்ராவை அருகில் கூப்பிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் விடவே இல்லை.

கஞ்சி ஆயிற்று. தேங்காய்த் துவையலும் ஆயிற்று. நாற்பது தட்டுகளிலும் ஆவி பறந்தது. ஞானபாக்கியம் வழக்கம்போல் எழுந்து நின்று கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இந்த அரிசியைக் கொடுத்த கைகளை ஆசீர்வதியும். இதைச் சாப்பிடும்..."

அங்கே நின்றுவிட்டாள். மேலே சொல்ல முடியவில்லை. கொடுத்த கைகளும் சாப்பிடப்போகும் கைகளும் ஒன்றாகவே அவள் முன்னால் இருந்தன.

அவள் கண்ணைத் திறந்தாள். வரிசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "சங்கமித்ராவை ஆசீர்வதியும். ஷாஸியாவை ஆசீர்வதியும். பாய் விரிச்ச ஜஹானாராவை ஆசீர்வதியும். பத்துப் பருக்கை கொண்டுவந்த சித்தார்த்தை ஆசீர்வதியும்..."

ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்காக நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று சோற்றைப் பார்த்தவர் யாருமில்லை.

"டீச்சர்!" என்று ஒரு குரல். "பிரியாணி அரிசிய உட்டுட்டீங்க!"

"மஜீதையும் ஆசீர்வதியும்" என்றாள் ஞானபாக்கியம். "ஆமென்."

மழை விட்டது. தண்ணீர் வடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து துணிப்பைகள் வந்து டிரம் நிறைந்தது. "மறுபடி நாலு ரகம்!" என்று கெங்கம்மா திட்டத் தொடங்கினாள்.

அந்த வாரமே பீம்ராவ் கைத்தடி ஊன்றிக் கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு பலகை. சுயம்பு தன் கடையிலிருந்து நான்கு ஆணிகளும் ஒரு சுத்தியலும் கொண்டுவந்தார். கதவுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் நெஞ்சளவு உயரத்தில், அந்தப் பலகையை அடித்தார்கள். அதன் மேல் மூடி போட்ட ஒரு டின்னை வைத்தாள் மகிமா.

முதலில் வந்தவள் சங்கமித்ரா. கையில் டம்ளர் இருந்தது. டின்னின் மூடியைத் திறந்து அரிசியைக் கொட்டினாள்.

எம்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை.